டிஸ்க் பிரேக்குக்கு எண்ணெய் தடவியவள்

எண்ணெய் போட்டால் எதுவும் சரியாகிவிடும் என்று நம்புகிற குடும்பத்தில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டில் தலை வலித்தால் எண்ணெய், முட்டி வலித்தால் எண்ணெய், கதவு கிறீச்சிட்டால் எண்ணெய். கைக்குழந்தை வீறிட்டு அழுதால் தொப்புளில் ஒரு சொட்டு. மிக்சி மக்கர் செய்தால்கூட அம்மா தேங்காய் எண்ணெய் பாட்டிலோடுதான் வருவாள். இந்த வைத்தியத்தை நான் டிப்ளமோ மெக்கானிக்கல் வரை எடுத்துப்போய், அங்கிருந்து அப்பாவின் ஸ்கூட்டர் சக்கரத்துக்குக் கொண்டுவந்த கதை இது. சிரிக்கிற மாதிரிதான் சொல்லப்போகிறேன். எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பதுதான் வழக்கம். சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டோம், அதுவும் வழக்கம்தான்.

அப்பா அரசு பஸ் டிரைவர். கடலூர்–சிதம்பரம் ரூட்டில் ஓட்டியே தலை நரைத்தவர். சர்வீஸ் முழுக்க ஓர் ஆளையோ ஓர் ஆட்டையோ இடித்ததில்லை. (கோழி? கோழியெல்லாம் கணக்குல வராதும்மா என்பார்.) ரிட்டையர் ஆன கொஞ்ச நாளில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது, பேச்சும் தேறிவிட்டது. இடது கை மட்டும் தேறவில்லை. விரல்கள் மடங்கும், ஆனால் எதையும் பிடிக்காது. காபி டம்ளரைப் பிடிப்பது போலப் போய் நிற்கும், டம்ளர் தரையில் கிடக்கும்.

அதற்கப்புறம் அவர் சிதம்பரத்து வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ரோட்டில் போகிற பஸ்களின் ஹாரனைக் கேட்டே எந்த டிரைவர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நல்லா ஓட்டுறான், இல்லை, கியர கொல்றான் என்று தீர்ப்பும் வரும். கொஞ்ச நாளில் தீர்ப்பு சொல்வதையும் நிறுத்திவிட்டார். ஒருநாள் முடி வெட்ட அம்மாவின் அண்ணன் செல்வராசு மாமா அவரைத் தன் பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். திரும்பி வந்தவர், "பின்னால உக்காந்து போறதுக்குப் பேரு லோடு. இனிமே நான் எங்கயும் வரல" என்று சொல்லிவிட்டார். முடி தோள்வரை வளர்ந்தது. வெட்டச் சொன்னால் முறைப்பார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எவன் முதுகையும் பார்க்காமல், தானே ஓட்டிக்கொண்டு, கடைத்தெரு வரைக்குமாவது போய்வர வேண்டும். அது இல்லாவிட்டால் இந்த மனுஷன் இப்படியே ஜன்னலோரம் முடிந்துவிடுவார் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது: எனக்கு, அம்மாவுக்கு, கடலூர் முதுநகரில் இருந்த மாமாவுக்கு.

2009-இல் மாமா ஒரு பேட்டரி ஸ்கூட்டரை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். கிளட்ச் இல்லை, கியர் இல்லை, பெட்ரோல் இல்லை. லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம்.

அப்பா அதைச் சுற்றிவந்து பார்த்தார். "லைசென்ஸ் வேணாம்னா அது வண்டியே இல்ல மச்சான். கரண்டுல ஓடுது, பேசாம கிரைண்டர்னு சொல்லு."

"கிரைண்டராவே இருக்கட்டும் மாப்ள. உக்காரு."

உட்கார்ந்தார். ஓட்டினார். தெருமுனை வரை போய்த் திரும்பி வரும்போது அவர் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. ஆனால் வண்டி எங்கள் வீட்டு வாசலில் நிற்கவில்லை. இரண்டு வீடு தள்ளிப் போய், காலைத் தரையில் தேய்த்து நின்றது.

அதில் பிரேக் இரண்டும் கையில்தான். பின் சக்கரத்து பிரேக் இடது கையில். அந்தக் கை டம்ளரையே பிடிக்காது. முன் சக்கரத்து பிரேக் வலது கையில். ஆனால் அது டிரம் பிரேக், அதுவும் பேருக்கு வைத்த டிரம் பிரேக். பலங்கொண்ட மட்டும் அழுத்தினால் யோசித்துப் பார்ப்பதாகச் சொல்லும். அப்பா செருப்பைத் தேய்த்தே வண்டியை நிறுத்திப் பழகினார். ஒருநாள் சைக்கிளில் குறுக்கே வந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் மயிரிழையில் தப்பினாள். வீட்டுக்கு வந்தவர் அம்மாவின் பழைய புடவையை எடுத்து வண்டியைப் போர்த்திவிட்டார்.

"வண்டி மேல குத்தம் இல்லம்மா" என்றார் என்னிடம். "எனக்கு கை போயிடுச்சு. கை போனவன் ஸ்டியரிங்க தொடக்கூடாது."

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை. அன்று ராத்திரி முழுக்க அம்மாவிடம் சண்டை போட்டேன், காரணமே இல்லாமல்.

நான் அப்போது கடலூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தேன். நட்டு எத்தனை, போல்ட்டு எத்தனை என்று எண்ணுகிற வேலை. ஆனாலும் மெக்கானிக்கல் படித்தவள் என்ற நினைப்பு மலையளவு. படிக்கும்போது வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். அத்தனை பையன்களுக்கு நடுவே என் பேச்சு காதில் விழ வேண்டும் என்று கத்திக் கத்தியே தொண்டை பெரிதாகிவிட்டது. எனக்கு வாய் ஜாஸ்தி என்று தெருவில் பேசுவார்கள். அதையும் எனக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்கள், பயம் இல்லாதவர்கள்.

டிஸ்க் பிரேக் போட்டால் போதும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதில் தப்பே இல்லை. இரும்புத் தட்டு ஒன்று சக்கரத்தோடு சுற்றும். இரண்டு பக்கமும் இரண்டு உராய்வுப் பட்டை, பேட் என்பார்கள், அதைக் கவ்வும். கவ்வ வைப்பது குழாயில் இருக்கிற பிரேக் ஆயில். அதனால் விரல் பலம் அதிகம் வேண்டாம், இரண்டு விரலே போதும். அப்பாவின் வலது கையில் ஐந்து விரலும் நன்றாகவே இருந்தன. மூடிப்போன ஒரு பேட்டரி வண்டிக் கடையின் பின்கட்டில் அதே கம்பெனியின் பெரிய மாடல் ஒன்று பேட்டரி செத்துக் கிடந்தது. அதன் முன்பக்கம் முழுவதையும் மாமா பேசி வாங்கினார்: சக்கரத்தைத் தாங்குகிற போர்க், சக்கரம், டிஸ்க், கையால் அழுத்துகிற லிவர், எல்லாம். இரண்டு பேரும் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். டிரைவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "அண்ணன் பொண்ணா, அத எஞ்சின் மேல வையும்மா" என்றார். சிதம்பரம் வரை அந்தச் சக்கரம் ராஜா மாதிரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது.

மாட்டுவது சுலபமாக இருந்தது. ஆயில் ஊற்றியதும்தான் வினை ஆரம்பித்தது. குழாய்க்குள் இருக்கிற காற்றை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் லிவரை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கீழே ஒரு சின்னத் திருகைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும். மூடிய பிறகுதான் லிவரை விடலாம். மாமா ஊருக்குப் போய்விட்டதால் அம்மாவை லிவரில் நிறுத்தினேன்.

"அமுக்கும்மா."

"அமுக்கிட்டேன்."

"விடாத."

"விடல. மீன் கொழம்பு கொதிக்குது, சீக்கிரம்."

"விடாதன்னு சொல்றேன்ல."

"நீ கத்துன கத்துல கை வுட்டுப் போச்சுடி."

காற்று மறுபடி உள்ளே போகும். மறுபடி முதலிலிருந்து. குழம்பு தீய்ந்தது. தெறித்த ஆயில் வண்டியின் பெயின்டைத் தின்று, முன்பக்கத்தில் தேமல் வந்தது போல ஆக்கிவிட்டது. அம்மா விரலில் ஒட்டிய ஆயிலை முகர்ந்து பார்த்தாள். "இது என்னா எண்ணெ? வாசனையே இல்ல."

"பிரேக் ஆயில்மா. இதுதான் பிரேக்க புடிக்க வைக்குது."

"எண்ணெயா புடிக்க வைக்குது?" என்று ஆச்சரியப்பட்டாள். நான் பெருமையாகத் தலையாட்டினேன். இயந்திரவியலை அவளுக்கு அத்தோடு சொல்லி முடித்துவிட்டதாக நினைப்பு எனக்கு.

பிரேக் பிடித்தது. அப்படிப் பிடித்தது. அப்பா வாசலில் இரண்டு விரலால் லிவரைத் தொட்டார், வண்டி தரையில் ஆணி அடித்தது போல நின்றது. இறங்காமல் இன்னும் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு, "பஸ்ஸுல காத்து பிரேக்கும்மா. எண்ணெ பிரேக்கு எனக்குத் தெரியாது. நீதான் பாத்துக்கணும்" என்றார். மறுநாள் முதல் வேலையாகப் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்து அம்மா அடுப்படிக்குள் போய் அழுதாள்.

அந்தச் சில மாதங்கள் எங்கள் வீட்டில் நன்றாக இருந்தன. மின்வெட்டு நேரத்தை பஸ் டைம் போல மனப்பாடம் செய்து வண்டிக்கு சார்ஜ் போட்டார். கீரப்பாளையத்தில் இருந்த தன் பழைய கண்டக்டரைப் பார்க்கப் போனார். போய், "நானே ஓட்டிட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்தாராம், வேறு பேச்சே இல்லையாம்.

ஒரே ஒரு குறை. பிரேக் பிடித்தால் கிறீச்சென்று ஒரு சத்தம். சாதாரணச் சத்தம் இல்லை. கீழ வீதியில் பிடித்தால் மேல வீதியில் நாய் எழுந்து நிற்கும். சத்தம் வர பிரேக் போடுகிறவன் டிரைவரே இல்லை என்று காலமெல்லாம் சொன்னவர் அப்பா. இப்போது அவர் வருகிற போதெல்லாம் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தன. "வேற ஒண்ணும் இல்லம்மா, அந்தச் சத்தம் மட்டும் கொஞ்சம் பாரேன்" என்றார். பேட் ஓரத்தை லேசாகத் தேய்த்தால் சத்தம் அடங்கியிருக்கும். அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், "புது பிரேக்கு, போகப் போக செட் ஆயிடும்" என்று சத்தமாகச் சொல்வது.

ஆயுத பூஜை வந்தது. டிப்போவில் பஸ்ஸைக் கழுவிப் பூப்போட்டுப் பழகிய மனுஷன், கை விழுந்த பிறகு பூஜை பக்கமே போகாமல் இருந்தார். அந்த வருஷம் விடியற்காலையிலேயே எழுந்து தன் பழைய காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். "வண்டி பளபளன்னு இருக்கணும்" என்றார். நான் வாளியும் துணியுமாக உட்கார்ந்தேன். கழுவினேன், துடைத்தேன். பிறகு எல்லா ஊரிலும் செய்வதுபோலத் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு இரும்பையெல்லாம் மெருகேற்றினேன். டிஸ்க் மட்டும் மங்கலாக இருந்தது. மழை ஈரத்தில் ஓரமாகத் துரு வேறு.

என் கை ஒரு நிமிஷம் நின்றது. அதை ஒத்துக்கொள்கிறேன். பிரேக் பட்டையில் எண்ணெய் படக்கூடாது, ஏன் என்று பரீட்சையில் ஒரு கேள்வி வந்து அதற்கு முழு மார்க் வாங்கியவள் நான்.

அம்மா சந்தனக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றாள். "என்னாடி யோசன? உள்ள எண்ணெ ஊத்துனதுக்கே அப்புடிப் புடிச்சுது. வெளியவும் கொஞ்சம் தடவு. கதவுக்குத் தடவுனா கிறீச்சு நிக்கல?"

இதற்கு முன்னால் என் முழு மார்க் என்ன செய்யும்? கொஞ்சம் தடவி உடனே துடைத்துவிட்டால் துருவும் போகும், சத்தமும் குறையும் என்று கணக்குப் போட்டேன். தடவினேன். துடைத்தேன். துடைத்ததும் அதே எண்ணெய்த் துணிதான். டிஸ்க் கண்ணாடி மாதிரி மின்னியது. தட்டு வட்டமாக, அழகாக இருக்கிறதென்று அம்மா அதன்மேல் சந்தனம் பூசி நான்கு குங்குமப் பொட்டு வைத்தாள். மிச்சத்துக்கு அப்பா தன் பங்காக, டிஸ்க்கைக் கவ்வுகிற பெட்டிமேல் மூன்று விரலால் விபூதிப் பட்டை போட்டார். குடும்பமாகச் சேர்ந்து அந்த பிரேக்குக்குக் கடைசி அலங்காரம் செய்து முடித்தோம்.

பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அப்பா வண்டியை எடுத்தார். வாய்க்கால் பாலம் தாண்டி ஒரு பிள்ளையார் கோயில். அங்கே போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வருவது என்று ஏற்பாடு. தேங்காய்த் தட்டோடு நான் பின்னால். (லோடு.) பாலத்தின் ஏற்றத்தில் மோட்டார் முனகிக்கொண்டே ஏறியது. உச்சிக்கு வந்தபோது பறைச் சத்தம் கேட்டது. கீழே, பாலம் இறங்குகிற இடத்தில், வாய்க்கால் கரை ரோட்டில் குறுக்கே ஒரு சவ ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. வயதானவர். பூப்போட்ட பாடை, முன்னால் பறை, பட்டாசு, பின்னால் ஜனம்.

அப்பா அனுபவசாலி. சரிவின் தொடக்கத்திலேயே லிவரை அழுத்திவிட்டார். கிறீச் வரவில்லை. என் நெஞ்சு பூரித்துப்போயிற்று. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. நான் முன்னால் குனிந்து, அவர் காதருகே, அந்தத் தொண்டையோடு சொன்னேன்:

"பாத்தீங்களாப்பா, சத்தம் போயிடுச்சு."

"பிரேக்கும் போயிடுச்சும்மா" என்றார் அப்பா.

பதற்றமே இல்லாமல் சொன்னார். அடுத்த ஸ்டாப்பிங் எது என்று பயணியிடம் சொல்கிற மாதிரி. லிவரை அழுத்தினால் மோட்டார் தானே நின்றுவிடும், மோட்டார் நின்றது. சக்கரம் நிற்கவில்லை. காலைத் தேய்த்துப் பார்த்தார், சரிவில் இரண்டு பேர் பாரத்துக்கு அது போதவில்லை. பேட்டரி வண்டிக்கு ஏற்கெனவே சத்தம் கிடையாது. அதில் பிரேக் சத்தமும் இல்லை என்றால் அது எமன் வருகிற மாதிரிதான் வரும். கீழே ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஹாரன் பறைச் சத்தத்தில் அமுங்கிப்போனது. கத்த வேண்டிய ஒரே நேரத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக.

பாடைக்கும் பின்னால் வருகிற ஜனத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. அப்பா அதைக் குறிவைத்தார். பஸ் ஓட்டிப் பழகிய கண், கணக்கைச் சரியாகத்தான் போட்டது. ஆனால் பட்டாசு வெடிப்பதற்காக முன்னால் போனவர்கள் சட்டென நின்றார்கள், பாடையும் நின்றது, இடைவெளியில் பாதி மறைந்தது. எங்கள் கைப்பிடி பாடையின் பின்மூங்கிலில் போய் இடித்தது. தோள் கொடுத்தவர்கள் விடவில்லை, ஆனால் பாடை அவர்களையும் இழுத்துக்கொண்டு அரை வட்டம் சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றது. நான் தேங்காயோடு, பாடையிலிருந்து சரிந்த பூக்குவியல்மேல் விழுந்தேன். அப்பா ரோட்டில் விழுந்தார், வலது கையை ஊன்றி.

பறை நின்றது. அந்த நிசப்தத்தில் அப்பா தரையில் கிடந்தபடியே தலையைத் தூக்கி முதலில் கேட்டது இதுதான்: "அவருக்கு ஒண்ணும் ஆகலியே?"

எல்லோரும் பாடையைப் பார்த்தார்கள். கடைசியில் தோள் கொடுத்திருந்தவர்களில் ஒருவர், "இல்லீங்க, அவருக்கு ஒண்ணும் ஆகல" என்றார்.

சர்வீஸ் முழுக்க உயிரோடு இருந்த ஒருத்தரையும் இடிக்காத மனுஷன், கடைசியில் ஒரு செத்தவரை இடித்தார்.

அப்புறம் வேறு ஒரு பிரச்சினை கிளம்பியது. எங்கள் பக்கம் பாடையைப் பாதி வழியில் இறக்கி, திசை மாற்றித் திருப்பித் தூக்குவார்கள். போனவருக்கு வீட்டுக்குத் திரும்பி வருகிற வழி மறந்துபோக வேண்டும் என்பதற்காக. இங்கே பாதி வழி வருவதற்கு முன்பே நாங்கள் திருப்பிவிட்டோம். "திருப்புனது திருப்புனதுதான், அப்புடியே போங்க" என்றார் ஒரு பெரியவர். "அப்புடியே போனா வீட்டுக்குத்தான்யா போவும், எந்தப் பக்கம் நிக்குது பாரு" என்றார் இன்னொருவர். வாக்குவாதம் முற்றி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அந்தப் பெரியவரைப் பல தடவை சுற்றவைத்து ஒரு வழியாகக் கணக்கை நேர் செய்தார்கள். அவர் வீட்டு வழியை மட்டுமல்ல, எல்லா வழியையும் மறந்திருப்பார்.

இதற்கு நடுவில் இறந்தவரின் மகன் கொள்ளிச் சட்டியோடு என்னிடம் வந்தார். அழுது வீங்கிய கண். என் தலையில் மல்லிப்பூ, நெற்றியில் குங்குமம், பக்கத்தில் மாலை போட்ட வண்டி. "எங்கப்பாவ நிம்மதியா போகக்கூட விடமாட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் உராய்வு எப்படிக் குறையும் என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். பரீட்சையில் எழுதிய பதில், வரி மாறாமல் வந்தது. அவர் பாவம், சட்டியில் கங்கு அணைந்துவிடாமல் பார்த்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

அப்பாவின் வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது ஒன்று மட்டும் சொன்னார். "சந்து பாதி அடைஞ்சுபோச்சு. இந்தப் பக்கம் வாய்க்கா, நீ பின்னால இருந்த. அந்தப் பக்கம் பின்னால வந்த ஜனம். உயிரோட இல்லாதவரு அவரு ஒருத்தர்தான்மா இருந்தாரு." அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அதன்பின் வந்த நாட்களைச் சிரிப்பாகச் சொல்ல எனக்கு வராது. ஒரு கை ஏற்கெனவே இல்லை, இருந்த கையை நான் வாங்கிவிட்டேன். அம்மா ஊட்டிவிட்டாள். நான் சட்டைப் பித்தான் போட்டுவிட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மாமா வந்து, "மாப்ள, செத்தவர இடிச்சா எந்த செக்ஷன்ல கேஸ் போடுவான்னே தெரியல, அதான் உன்ன விட்டுட்டானுவ" என்று பேசிப் பார்த்தார். அப்பா சிரிக்கவில்லை. நான் டிஸ்க்கை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, உப்புத்தாளில் தேய்த்து, எண்ணெய் குடித்த பேட்டுகளைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிது மாட்டினேன். பிரேக் பழையபடி பிடித்தது. கட்டுப் பிரித்த பிறகு அப்பா ஒரே ஒரு முறை வாசலுக்கு வந்து, நின்றவாக்கிலேயே லிவரில் கை வைத்தார். எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. இரண்டு விரல் பலம் போதும் என்று நான் மாட்டிய பிரேக்கை அழுத்த முடியாமல் அந்த இரண்டு விரலும் பாதியில் நின்றன. கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் எதையும் ஓட்டவில்லை. வண்டியை மாமா கொண்டுபோய் யாருக்கோ கொடுத்துவிட்டார்.

நானும் மாறிப்போனேன். வாய் ஜாஸ்தி என்று பேர் வாங்கியவள், வீட்டில் பேசுவதையே விட்டுவிட்டேன். அப்பா என்மேல் கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். கேட்க தைரியம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கடலூரில் அச்சகத்தில் வேலை. பஜ்ஜி சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளையின் அத்தை தொண்டையைச் செருமினார். "பொண்ணு கொஞ்சம் சத்தமா பேசும்னு வெளியில சொன்னாங்க. இப்ப பாத்தா வாயே தொறக்கல."

அம்மா அவசரமாகப் பஜ்ஜித் தட்டை மறுபடி நீட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா வாயைத் திறந்தார்.

"சத்தம் போடும்ங்க, நல்லாவே போடும். சத்தம் வர்ற வரைக்கும் பயமே இல்ல. சத்தம் நின்னுதுன்னாத்தான் ஓரமா ஒதுங்கி நிக்கணும்." கோணல் கையைத் தூக்கிக் காட்டினார். "எங்களுக்கெல்லாம் அப்புடித்தான் ஆச்சு."

பாலத்தின் கதை முழுவதையும் அவரே சொன்னார். எண்ணெய்த் துணி, குங்குமப் பொட்டு, பறை, கொள்ளிச் சட்டியோடு பாடம் கேட்ட மகன் வரைக்கும். "பிரேக்கும் போயிடுச்சும்மா" என்ற இடம் வந்ததும் அத்தைக்குப் புரையேறியது. மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்து அவ்வளவு காலம் ஆகியிருந்தது. நான் எழுந்து அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, பெரிய சத்தமாக அழுதேன். "பாத்தீங்களா, வந்துடுச்சு" என்று கூடத்தில் அப்பா சொல்வது கேட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது சட்டம். நான் கத்திக்கொண்டிருந்தால் அந்த மாப்பிள்ளை, இப்போது என் வீட்டுக்காரர், நிம்மதியாகப் பேப்பர் படிப்பார். நான் பேசாமல் போனால் எழுந்து சுவரோரம் ஒட்டி நின்று, மகளையும் இழுத்துக்கொள்வார். "ஓரமா வாம்மா, அம்மாவுக்குச் சத்தம் நின்னுடுச்சு." மாமா வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் இந்தக் கதையைச் சொல்லி, கடைசியில் எல்லோரும் சேர்ந்து சுவரோரம் ஒதுங்கிக் காட்டுவார்கள்.

அப்பா போனது இரண்டு வருஷத்துக்கு முன்னால். செய்தி கேட்டு சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது வீடு முழுக்க ஜனம், ஒப்பாரி. எனக்கு ஒரு சத்தமும் வரவில்லை. கூடத்தில் இருந்தவர்களெல்லாம் என் முகத்தைப் பார்த்துத் தானாக விலகி வழி விட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் ஒதுங்கவில்லை. நேராக வந்து என் எதிரில் நின்றார். நான் போய் அவர்மேல் இடித்தேன்.